ஒரு புலன் போனால் மற்றவை தானாகக் கூர்மையாகுமா?

பதிலுக்கு முன்னால் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருடைய அப்பாவுக்கு 61 வயது. கிளாக்கோமா. கண் நரம்பு பல வருடங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, இப்போது ஒரு கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது. இன்னொன்றில் நடுவில் கொஞ்சம் பார்வை மிச்சமிருக்கிறது. "ஒரு புலன் போனால் மற்றது கூர்மையாகிவிடும் என்று வருகிறவர்கள் எல்லாரும் ஆறுதல் சொல்கிறார்கள். அப்பா ஒரு வருடமாகக் கூடத்தில் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார். எதுவும் கூர்மையான மாதிரி தெரியவில்லை. அந்தப் பேச்சு உண்மையா? கண் இல்லாமல் ஒருவர் உலகத்தை எப்படித்தான் அறிகிறார்?"

நான் 17 வருடங்களாகப் பார்வையற்றவர்களுக்கு நடமாட்டப் பயிற்சி கொடுத்துவருகிறேன். வெள்ளைக் கோல் பிடித்து வீட்டிலும் தெருவிலும் பஸ் ஸ்டாண்டிலும் தனியாகப் போய்வரச் சொல்லித்தருகிற வேலை. நேராகச் சொன்னால், தானாக எதுவும் கூர்மையாகாது. கண் போன மறுநாள் காது கூடுதலாகக் கேட்க ஆரம்பிக்காது. காது டாக்டரிடம் போய் சோதித்துப் பார்த்தால், கேட்கக்கூடிய மிக மெல்லிய சத்தம் எது என்பதில் பார்வை உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. காது அதே காதுதான். அது கொண்டுவந்து கொட்டுவதை மூளை எடுத்துக்கொள்ளும் விதம் மாறுகிறது. நடந்தால், தொட்டால், தேடினால் மாறும். உட்கார்ந்தே இருந்தால் மாறாது. உங்கள் கேள்வியில் அந்த நாற்காலியைப் படித்த பிறகுதான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டும் என்று தோன்றியது.

முதலில் கண் நன்றாக இருக்கிறவர்களிடமிருந்து தொடங்குவோம். கண்ணால் பார்க்கிறோம், காதால் கேட்கிறோம் என்று தனித்தனிக் கணக்காக நினைத்துக்கொள்கிறோம். மூளை அப்படிக் கணக்கு வைப்பதில்லை. சினிமா தியேட்டரில் வசனம் பெரும்பாலும் திரையின் நடுவில் இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. ஆனால் நடிகர் திரையின் இடது ஓரத்துக்கு நடந்தால் குரலும் கூடவே நடக்கிற மாதிரி கேட்கிறது. காது சொன்ன இடத்தைக் கண் மாற்றி எழுதிவிடுகிறது.

1976இல் ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 'பாட்டில்' என்பதில் வரும் 'பா'வை ஒலிக்கவிட்டு, 'காந்தி'யில் வரும் 'கா'வைச் சொல்லும் வாயைப் படத்தில் காட்டினார்கள். பார்த்தவர்களில் பெரும்பாலானோருக்குக் கேட்டது இரண்டுமில்லை. 'டாக்டர்' என்பதில் வரும் 'டா'. கண்ணை மூடினால் 'பா'. திறந்தால் மறுபடியும் 'டா'. விஷயம் தெரிந்த பிறகும் அப்படித்தான் கேட்கும். கொரோனா சமயத்தில் முகக்கவசம் போட்ட கடைக்காரரிடம் இரண்டு மூன்று முறை "என்ன?" என்று கேட்டிருப்போமே, அதற்குத் துணி குரலை அடைத்தது ஒரு காரணம், உதடு தெரியாமல் போனது இன்னொரு காரணம்.

சாப்பாட்டிலும் இதேதான். 2004இல் ஆக்ஸ்ஃபோர்டில் சார்ல்ஸ் ஸ்பென்ஸும் மாசிமிலியானோ ஸம்பினியும், உருளைக்கிழங்கு சிப்ஸ் கடிக்கும் சத்தத்தை ஹெட்ஃபோன் வழியாகக் கூட்டியும் குறைத்தும் கடிப்பவர்களுக்கே கேட்கவைத்தார்கள். கீச்சுச் சத்தத்தைக் கூட்டியபோது அதே சிப்ஸ் அதிக மொறுமொறுப்பாகவும் புதிதாகவும் தெரிந்தது. நமத்துப்போன அப்பளம் வாயில் பட்டதுமே தெரிந்துவிடுகிறது. அதில் நாக்குக்கு எவ்வளவு பங்கு, காதுக்கு எவ்வளவு பங்கு என்று சாப்பிடுகிறவரால் பிரித்துச் சொல்ல முடியாது.

ஐம்புலன் என்று எண்ணிப் பழகிவிட்டோம். அந்த ஐந்தில் சேராத இரண்டு, உங்கள் அப்பாவின் விஷயத்தில் ரொம்ப முக்கியம். ஒன்று, கை கால் எங்கே எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று தசைகளும் மூட்டுகளும் சொல்லும் உணர்வு. கண்ணை மூடிக்கொண்டு மூக்கைத் தொட முடிவது அதனால்தான். இன்னொன்று, உள்காதில் இருக்கும் சமநிலை உணர்வு. நாம் நேராக நிற்பது இந்த இரண்டும் கண்ணும் சேர்ந்து செய்கிற வேலை. சுவர் ஓரமாக ஒற்றைக் காலில் நின்று கண்ணை மூடிப் பாருங்கள். சில நொடிகளில் கணுக்கால் ஆட ஆரம்பித்துவிடும். அதிலும் ஓரப் பார்வைதான் சமநிலைக்குப் பெரிய துணை. கிளாக்கோமா முதலில் தின்பது ஓரப் பார்வையை. அப்பா எழுந்திருக்கத் தயங்குவதைச் சோம்பல் என்றோ மனச்சோர்வு மட்டும் என்றோ நினைத்துவிடாதீர்கள். அவருக்குத் தரை உண்மையிலேயே முன்பு போல உறுதியாக இல்லை.

சரி, இத்தனை புலன்கள் ஒரே நேரத்தில் பேசினால் மூளை யார் பேச்சைக் கேட்கும்? 2002இல் மார்க் எர்ன்ஸ்ட், மார்ட்டின் பேங்க்ஸ் இருவரும் இதை அளந்து காட்டினார்கள். ஒரு மேட்டின் உயரத்தைக் கண்ணாலும் விரலாலும் ஒரே சமயத்தில் மதிப்பிடச் சொன்னார்கள். படம் தெளிவாக இருந்தவரை கண் சொன்னது எடுபட்டது. படத்தை வேண்டுமென்றே கலங்கலாக்க ஆக்க, விரல் சொல்வதற்கு மதிப்பு கூடிக்கொண்டே போனது. யார் தெளிவாகச் சொல்கிறார்களோ அவர் பேச்சுக்கு அதிக எடை. இந்தத் தராசு பார்வையுள்ள எல்லாருக்குள்ளும் தினமும் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. பார்வை போனவர் அதை முழுநேரமும் ஒரு பக்கமாகவே வைத்துப் பழகவேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

அது எப்படி இருக்கும் என்பதை ஒரு அடுக்களையில் பார்த்தேன். 34 வயதில் பார்வையை முழுதாக இழந்த ஒரு அக்கா, என்னிடம் கோல் பயிற்சிக்கு வந்தவர். ஒருநாள் அவர் வீட்டிலேயே பயிற்சி. முடித்ததும் "சாப்பிட்டுத்தான் போகணும்" என்று அடுப்பைப் பற்றவைத்தார். எண்ணெய் விட்டு, உள்ளங்கையைக் கடாய்க்கு ஒரு சாண் உயரத்தில் பிடித்துச் சூட்டைப் பார்த்தார். ஒரே ஒரு கடுகைப் போட்டார். அது வெடித்ததும் மீதியைப் போட்டார். படபடவென்று பொரிந்து, சத்தம் இடைவெளி விட ஆரம்பித்த நேரத்தில் உளுந்து. அடுத்தது வாசனை. உளுந்து பச்சையாக இருக்கும்போது ஒரு வாசனை, சிவக்கும்போது ஒரு வாசனை. நான் எட்டிப் பார்த்து "இன்னும் சிவக்கலையே அக்கா" என்று சொல்லி முடிப்பதற்குள் சிவந்துவிட்டது. கறிவேப்பிலையைப் போட்டதும் தட்டை வைத்து மூடினார். வெங்காயம் வதங்க வதங்க ஈரச் சத்தம் குறைந்து வறண்ட சத்தமாக மாறுவதைக் கேட்டு அடுப்பைக் குறைத்தார். பக்கத்து அடுப்பில் தண்ணீர். அதன் இரைச்சல் ஏறிக்கொண்டே போய், முழுக் கொதி வருவதற்குச் சற்று முன் அடங்கும். அந்த அடக்கத்துக்குத்தான் காத்திருந்தார். டம்ளரில் எனக்குத் தண்ணீர் ஊற்றும்போது விரலை உள்ளே விடவில்லை; டம்ளர் நிறைய நிறையச் சத்தத்தின் சுருதி ஏறும், அது போதும் அவருக்கு.

இதில் ஒன்றுகூட அபூர்வ சக்தி இல்லை. இந்தச் சத்தமும் வாசனையும் உங்கள் வீட்டு அடுக்களையிலும் தினமும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. கண் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவதால் நாம் கேட்பதில்லை.

எல்லாரும் ஆச்சரியப்படுவது எதிரொலியைப் பார்த்துத்தான். ஒரு பள்ளியில் 12 வயதுப் பையன் ஒருவனை வகுப்பறைகளை ஒட்டிய நீள வராந்தாவில் நடத்திக்கொண்டு போனேன். கோல் சுவரைத் தொடவில்லை. நடந்துகொண்டே வந்தவன் சட்டென்று நின்று, "சார், இங்க கதவு திறந்திருக்கு" என்றான். திறந்துதான் இருந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டி, "இங்க காத்து மாதிரி தெரியுது" என்றான்.

அவன் பொய் சொல்லவில்லை. பார்வையற்றவர்கள் நூற்றாண்டுகளாக இப்படித்தான் சொல்லிவந்திருக்கிறார்கள். 'முகப் பார்வை' என்றே இதற்குப் பெயர் இருந்தது. 1940களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். ஆய்வாளர்களில் ஒருவரான மைக்கேல் சூப்பாவே பார்வையற்றவர். சுவரை நோக்கி நடக்கச் சொல்லி, எங்கே சுவர் இருப்பது தெரிகிறது என்று சொல்லச் சொன்னார்கள். முகத்தையும் கையையும் கனத்த துணியால் மூடியபோதும் பெரும்பாலும் சரியாகச் சொன்னார்கள். காதை அடைத்தபோது நேராகப் போய்ச் சுவரில் மோதினார்கள். அப்புறம் இன்னொன்று செய்தார்கள். வேறொருவர் கையில் மைக்கை ஏந்திச் சுவரை நோக்கி நடந்தார். அந்தச் சத்தத்தை இன்னொரு அறையில் ஹெட்ஃபோனில் கேட்டே சுவர் நெருங்குவதைச் சொல்லிவிட்டார்கள். 1944இல் வெளியானது இந்த ஆய்வு. வேலை செய்தது காது. ஆனால் அது உணரப்பட்டது கன்னத்தில்.

ஏன் எதிரொலியாகக் கேட்பதில்லை? ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. ஒரு மீட்டர் தொலைவில் இருக்கும் சுவரில் பட்டு உங்கள் காலடிச் சத்தம் திரும்பிவர 6 மில்லிநொடிகூட ஆகாது. அவ்வளவு குறுகிய இடைவெளியை மூளை இரண்டு சத்தமாகப் பிரிப்பதில்லை. ஒரே சத்தத்தின் நிறம் கொஞ்சம் மாறினதாக எடுத்துக்கொள்கிறது. சாமான் எல்லாம் எடுத்துவிட்டு வெள்ளையடித்த வீட்டில் பேசினால் உங்கள் குரலே வேறு மாதிரி இருக்குமே, அந்த வேறுபாடுதான். அந்தப் பையனுக்கு வராந்தாச் சுவர் ஒரு நிறம், திறந்த கதவு இன்னொரு நிறம்.

இதை ஒரு கலையாகவே வளர்த்தவர் அமெரிக்கரான டேனியல் கிஷ். குழந்தையிலேயே விழித்திரைப் புற்றுநோயால் இரண்டு கண்களையும் எடுத்துவிட்டார்கள். நாக்கால் 'டக்' என்று சொடுக்கிக்கொண்டு, திரும்பிவரும் ஒலியை வைத்து மரம், கம்பம், நிற்கிற கார் என்று பிரித்தறிகிறார், சைக்கிள் ஓட்டுகிறார். இப்படிச் சொடுக்கிப் பழகிய இருவரை மூளை ஸ்கேனில் வைத்து லோரே தாலர் என்ற ஆய்வாளரும் குழுவினரும் 2011இல் பார்த்தார்கள். எதிரொலி உள்ள பதிவைக் கேட்கும்போது, பின்மண்டையில் பார்வைக்கென்று இருக்கும் பகுதி வேலை செய்தது. எதிரொலியை மட்டும் நீக்கிவிட்டு மற்றதை அப்படியே கேட்கவைத்தபோது அந்த வேலை காணவில்லை. இதே தாலர் 2021இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வைத்தான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். பார்வையுள்ளவர்கள் 14 பேர், இல்லாதவர்கள் 12 பேர். 10 வாரம், 20 வகுப்பு. எல்லாருமே கற்றுக்கொண்டார்கள். அவர்களில் மூத்தவருக்கு 79 வயது. உங்கள் அப்பாவுக்கு 61.

கோலைப் பற்றியும் சொல்லவேண்டும். எங்கள் பேச்சில் அது 'கேன்'. இடிக்காமல் இருக்கத்தான் கேன் என்று பலர் நினைக்கிறார்கள். பழகியவருக்கு அது நீண்ட விரல். தார், மண், டைல்ஸ், சாக்கடை மூடி ஒவ்வொன்றிலும் நுனி உரசும்போது வேறு வேறு அதிர்வு கோல் வழியாக ஏறுகிறது. விரல் தோலுக்கு ஆழத்தில் இருக்கும் ஒருவகை உணர்முனைகள், நொடிக்கு 200 முதல் 300 தடவை வரை துடிக்கும் அதிர்வுக்கு மிக நுட்பமானவை. அதிர்வு கையில்தான் வருகிறது. ஆனால் கரடுமுரடு கோல் நுனியில் தெரிகிறது. பேனாவால் எழுதும்போது காகிதத்தின் சொரசொரப்பு நிப்பில் தெரிகிறதே, அது மாதிரி. 2018இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில், கையில் பிடித்த மரக்கோலின் எந்த இடத்தில் தட்டினார்கள் என்பதைப் பார்க்காமலே ஆட்கள் நன்றாகச் சொன்னார்கள். அவர்களில் யாருக்கும் பெரிய பயிற்சி கிடையாது. மூளைக்குக் கருவியை உடம்போடு சேர்த்துக்கொள்வது அவ்வளவு சுலபம்.

மூளையின் பார்வைப் பகுதி காலியாகக் கிடப்பதில்லை என்று இன்னும் உறுதியாகக் காட்டிய விஷயம் பிரெய்லி, அதாவது விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்து. சிறு வயதிலேயே பார்வை இழந்தவர்கள் பிரெய்லி படிக்கும்போது பின்மண்டைப் பார்வைப் பகுதி வேலை செய்வதை ஜப்பானியரான நோரிஹிரோ சதாடோவும் குழுவினரும் 1996இல் கண்டார்கள். சும்மா எரிகிற விளக்கா, உண்மையிலேயே வேலை நடக்கிறதா என்ற சந்தேகம் இருந்தது. 2000இல் ஒரு பெண்மணியின் கதை வெளியானது. பிறவியிலேயே பார்வையற்றவர், பிரெய்லியில் தேர்ந்தவர். பக்கவாதத்தில் பின்மண்டையின் இரண்டு பக்கமும் பாதிக்கப்பட்டது. அதன்பின் விரலுக்குப் புள்ளிகள் தெரிந்தன. தொடு உணர்வில் குறையில்லை. ஆனால் எழுத்தாகப் படிக்க முடியவில்லை. வாழ்நாளில் ஒரு முறைகூட வெளிச்சம் பார்க்காத பார்வைப் பகுதி, அவருக்காக வாசித்துக்கொண்டிருந்தது. இதை முதல் தடவை படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

பெரியவர்களுக்கு இது நடக்காதா? சிறுவயதில் இழந்தவர்களுக்கு ஆகிற அளவு ஆகாது. ஆனால் கதவு மூடியும் இல்லை. பார்வையுள்ள ஆட்களுக்கு 5 நாள் முழுக்கக் கண்ணைக் கட்டி பிரெய்லி சொல்லித்தந்த ஒரு ஆய்வு 2008இல் வந்தது. ஐந்தாம் நாளில் அவர்கள் விரலால் தடவும்போதே பார்வைப் பகுதி வேலை செய்தது. கட்டை அவிழ்த்த ஒரு நாளைக்குள் பழையபடி ஆகிவிட்டது. ஐந்தே நாளில் புதிதாக நரம்பு வளர்ந்துவிடாது. வழி முன்பே அங்கே இருந்திருக்க வேண்டும். கண் அதை அடைத்துக்கொண்டிருந்தது.

கூர்மையாகும் என்கிற பேச்சில் எது எவ்வளவு உண்மை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிறுவயதில் பார்வை இழந்தவர்களில் சிலர் ஒற்றைக் காதை வைத்தே சத்தம் வரும் இடத்தைச் சொல்லிவிடுகிறார்கள். சுருதி ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை மற்றவர்களைவிட நுட்பமாகப் பிரிக்கிறார்கள். இவை சோதித்து அறிந்தவை. ஆனால் எல்லாவற்றிலும் அப்படி இல்லை. மூன்று இடங்களிலிருந்து வரிசையாகச் சத்தம் வந்தால், நடுச் சத்தம் எந்தப் பக்கச் சத்தத்துக்குக் கிட்டே இருந்தது என்று கேட்டபோது, பிறவியிலேயே பார்வையற்றவர்கள் மற்றவர்களைவிடத் திணறினார்கள் என்று இத்தாலியின் மோனிகா கோரி 2014இல் காட்டினார். இடங்களை ஒரு வரைபடமாக அடுக்கக் காதுக்குச் சிறுவயதில் சொல்லிக்கொடுப்பது கண்தான் போலிருக்கிறது. அந்த வகையில், 50 வருடம் பார்த்து வாழ்ந்த உங்கள் அப்பாவிடம் ஒரு சொத்து இருக்கிறது: தெரு, வீடு, பேருந்து எல்லாவற்றின் அமைப்பும் மனதில் வரைந்தபடியே இருக்கிறது. அந்தப் படத்தின்மேல் சத்தத்தை ஒட்டவைத்தால் போதும்.

புலன்கள் ஒன்றையொன்று கற்றுக்கொண்டுதான் பழகுகின்றன என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய சான்று கிடைத்தது. 1688இல் அயர்லாந்துக்காரர் வில்லியம் மோலினோ, தத்துவவாதி ஜான் லாக்குக்கு ஒரு கேள்வி எழுதினார். மோலினோவின் மனைவி பார்வை இழந்தவர். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவருக்கு உருண்டையையும் கனசதுரத்தையும் தொட்டால் தெரியும். திடீரென்று பார்வை வந்தால், தொடாமல் பார்த்தே எது எது என்று சொல்வாரா? 300 வருடங்களுக்கும் மேல் இது வெறும் வாதமாக இருந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பேராசிரியர் பவன் சின்ஹா, பிறவிக் கண்புரையோடு சிகிச்சையில்லாமல் வளர்ந்த இந்தியக் குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை கிடைக்கச் செய்யும் 'பிரகாஷ்' திட்டத்தைத் தொடங்கினார். அதில் 8 முதல் 17 வயது வரையிலான 5 பேரைச் சிகிச்சை முடிந்த இரண்டு நாளுக்குள் சோதித்து, 2011இல் வெளியிட்டார்கள். தொட்டதைத் தொட்டே கண்டுபிடிப்பதில் ஏறக்குறையத் தவறே இல்லை. பார்த்ததைப் பார்த்துக் கண்டுபிடிப்பதிலும் நன்றாகச் செய்தார்கள். தொட்டதைப் பார்த்துக் கண்டுபிடிக்கச் சொன்னபோது குத்துமதிப்பைவிடக் கொஞ்சம்தான் மேல். கையும் கண்ணும் ஒருவருக்கொருவர் அறிமுகமே இல்லாதவர்கள் மாதிரி இருந்தார்கள். மறுபடி சோதிக்க முடிந்த குழந்தைகளுக்குச் சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் அந்த அறிமுகம் நடந்துவிட்டது. யாரும் உட்கார்த்திவைத்துச் சொல்லித்தரவில்லை. பார்த்தார்கள், எடுத்தார்கள், நடந்தார்கள்.

இப்போது நாற்காலிக்கு வருகிறேன். 1969இல் பால் பாக்-இ-ரீட்டா என்ற அமெரிக்க மருத்துவ ஆய்வாளர், பழைய பல் மருத்துவ நாற்காலி ஒன்றின் முதுகில் 400 அதிர்வு முனைகளைப் பொருத்தினார். ஒரு கேமரா பார்ப்பது முதுகில் அதிர்வுகளாகப் பதியும். பார்வையற்றவர்கள் அதில் சாய்ந்துகொண்டு தொலைபேசி, கோப்பை, முகம் என்று அடையாளம் காணக் கற்றார்கள். இதில் ஒரு நிபந்தனை இருந்தது. கேமராவை வேறொருவர் அசைத்தால் முதுகில் குறுகுறுப்பு மட்டுமே. தாங்களே கையால் அசைத்தபோதுதான் பொருள் முதுகிலிருந்து விலகி எதிரே 'அங்கே' போய் நின்றது. நாம் ஒரு அசைவு செய்து, அதற்கு வரும் பதிலைப் பார்த்து, மறுபடி அசைகிறோம். இந்தப் போக்குவரத்தில்தான் வெளி உலகம் என்று ஒன்று உருவாகிறது. அப்பாவுக்கு எல்லாவற்றையும் நாற்காலிக்கே கொண்டுவந்து கொடுக்கிறீர்கள். அது அன்பு, தெரிகிறது. ஆனால் அவருடைய உலகம் அந்த நாற்காலியின் கைப்பிடியோடு முடிந்துபோய்விடும்.

அவர் ஒருவேளை உங்களிடம் சொல்லாமல் வைத்திருக்கும் ஒரு விஷயத்தைக் கேளுங்கள். பார்வை குறைந்தவர்களில் சிலருக்கு இல்லாத உருவங்கள் தெரியும்: கோலம் மாதிரி வடிவங்கள், குட்டி மனிதர்கள், பூக்கள், முகங்கள். கண்ணிலிருந்து செய்தி வராதபோது பார்வைப் பகுதி தானே படம் போடுவதால் வருவது இது. 1760இல் ஜெனீவாவின் சார்ல் பொனே தன் தாத்தாவுக்கு இப்படி நடந்ததை எழுதிவைத்ததால் இதைச் 'சார்ல் பொனே சின்ட்ரோம்' என்றே அழைக்கிறார்கள். இது மனநோய் அல்ல, பேய் பிசாசும் அல்ல. பைத்தியம் என்பார்களோ என்று வீட்டில் வாயைத் திறக்காமல் தவித்த மூன்று பெரியவர்களை நான் சந்தித்திருக்கிறேன். பெயரைச் சொல்லி விளக்கினாலே பாதிப் பயம் போய்விடும். கண் டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள். இன்னொன்று: கண் போனால் கறுப்பாகத் தெரியும் என்று நினைக்காதீர்கள். கிளாக்கோமாவில் போன இடம் பெரும்பாலும் கறுப்பாகத் தெரியாது. மங்கலாக, அல்லது அங்கே எதுவுமே இல்லாத மாதிரி இருக்கும். வாசலில் நிற்கிற செருப்பு அவருக்கு மறைந்திருக்கவில்லை, இல்லவே இல்லை. அதனால்தான் தடுக்கியபின் அவ்வளவு அதிர்ந்துபோகிறார். மிச்சமிருக்கும் பார்வைக்காகச் சொட்டு மருந்தை ஒரு நாளும் விடாதீர்கள். போனது திரும்பாது, இருப்பதைக் காக்கலாம்.

வீட்டில் செய்யவேண்டியது அதிகமில்லை. கதவுகள் முழுதாகத் திறந்திருக்க வேண்டும் அல்லது முழுதாக மூடியிருக்க வேண்டும். பாதி திறந்த கதவின் விளிம்பு நெற்றிக்கு எமன். நாற்காலி, ஸ்டூல், குடம் இவற்றின் இடத்தை மாற்றினால் அவரிடம் சொல்லுங்கள். அறைக்குள் வந்ததும் குரல் கொடுங்கள், போகும்போதும் சொல்லிவிட்டுப் போங்கள். டிவி நாள் முழுக்க ஓட வேண்டாம். உங்களுக்கு அது பின்னணிச் சத்தம், அவருக்கு அறை முழுக்கப் புகை போட்ட மாதிரி. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகாதீர்கள். உங்கள் முழங்கைக்குச் சற்று மேலே அவர் பிடித்துக்கொள்ளட்டும், நீங்கள் அரை அடி முன்னால் நடங்கள். படி வந்தால் உங்கள் உடம்பு ஏறுவதே அவருக்குச் செய்தி. பணத்தை அவரே எண்ணட்டும். பழைய 100க்கும் 500க்கும் நீளத்தில் 10 மி.மீ. வித்தியாசம் இருந்தது, விரல் சுலபமாகப் பிடித்தது. இப்போதைய 100, 200, 500 நோட்டுகள் 142, 146, 150 மி.மீ.; 4 மி.மீ. வித்தியாசத்தை விரலிடுக்கில் மடித்துப் பார்த்துப் பழக வேண்டும். கஷ்டம்தான், இந்த விஷயத்தில் எங்களுக்கெல்லாம் மனவருத்தம் உண்டு. ஆனால் பழகுகிறார்கள். சர்க்கரை இருந்து விரல் நுனி மரத்திருந்தால் போனில் ரிசர்வ் வங்கியின் 'மணி' செயலி நோட்டைப் படித்துச் சொல்லும்.

வெளியே போவதற்குப் பயிற்சியாளர் ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள், தெருவில் நீங்களாகச் சோதித்துப் பார்க்க வேண்டாம். சத்தமில்லாத எலக்ட்ரிக் ஸ்கூட்டர், இடைவிடாத ஹாரன், கனமழை, பலத்த காற்று எல்லாம் தேர்ந்தவர்களையே குழப்பும்.

வீட்டுக்குள் நாளைக்கே தொடங்கலாம். அப்பாவோடு கூடத்திலிருந்து அடுக்களை வரை மெதுவாக நடங்கள். வழியில் எதையும் விளக்காதீர்கள். போய்ச் சேர்ந்ததும் ஒன்றே ஒன்று கேளுங்கள்: நடந்து வந்ததில் எந்த இடத்தில் காலடிச் சத்தம் மாறியது? முதல் நாள் தெரியவில்லை என்பார். திரும்பவும் நடந்துகாட்டச் சொல்லுங்கள்.